எதிர்வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்பது

சீர்காழி,
12.10.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது. அக்காவும் மாப்பிள்ளையும் தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தர அலுவலகத்தில் ஆள் இருந்தும், அவரிடம் கொடுக்க மனமில்லாமல் என் கையாலேயே எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அம்மா பக்கத்தில் இல்லாதபோது படி என்று எழுத வந்தேன். அங்கே உன் பக்கத்தில் அம்மா எங்கே இருக்கிறாள்.

எழுதுவதற்குக் காரணம் எதிர்வீட்டு வாத்தியாரின் பெண். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, நீ இருக்கும் அடிலெய்டுக்கே மேற்படிப்புக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ‘உங்கள் பிள்ளை அங்கேதானே இருக்கிறார், உங்களுக்குத் தெரியாததா’ என்று வாத்தியார் கேட்டபோது, எனக்கு எதுவும் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னை அனுப்பும்போது முகவர் சொன்னதை எல்லாம் கேட்டுத் தலையாட்டியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லையே. ஆகவே இரண்டு மாதமாக இரவில் உட்கார்ந்து, ஆஸ்திரேலிய அரசு வெளியிட்டிருப்பதை எல்லாம் அகராதி வைத்துக்கொண்டு படித்து, நீ பத்தாம் வகுப்பில் மிச்சம் வைத்த கணக்கு நோட்டில் எழுதிவந்தேன். அதில் இருப்பது சரிதானா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நகரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்வது மூன்று பல்கலைக்கழகங்களில்: 1874-இல் தொடங்கிய அடிலெய்டு பல்கலைக்கழகம், 1966-இல் தொடங்கிய ஃபிளிண்டர்ஸ், 1991-இல் வந்த உன்னுடைய சவுத் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக இணைந்து, வருகிற ஜனவரியில் ‘அடிலெய்டு யுனிவர்சிட்டி’ என்ற புதுப் பெயரில் திறக்கப் போகின்றன. சேர்க்கைக் கடிதத்தில் ஒரு பெயரும் பட்டத்தில் வேறொரு பெயரும் இருக்குமானால், என்னைப் போல் பத்திரம் எழுதுகிறவனுக்கு உடனே வில்லங்கம்தான் நினைவுக்கு வரும். சேர்ந்தவர்களுக்கு எந்தப் பெயரில் பட்டம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். வாத்தியார் பெண்ணுக்காகத்தான் சொல்கிறேன், உனக்கும் பொருந்தும். ஃபிளிண்டர்ஸ் இந்த இணைப்பில் சேரவில்லை. அதன் பழைய வளாகம் தெற்கே பெட்ஃபர்ட் பார்க்கில் குன்றின்மேல் இருக்கிறது. நகரில் ரயில் நிலையத்தை ஒட்டியே போன ஆண்டு ஒரு வளாகம் திறந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் மட்டும்தான் படிப்பு என்பதில்லை என்பதையும் இப்போதுதான் அறிந்தேன். மாநில அரசே நடத்தும் ‘டேஃப் எஸ்.ஏ.’ என்ற தொழிற்கல்வி நிறுவனம் இருக்கிறது. ரீஜன்சி பார்க்கில் இருக்கும் அதன் வளாகத்தில் சமையற்கலை சொல்லித் தருகிறார்கள். சான்றிதழ் மூன்று, சான்றிதழ் நான்கு, டிப்ளமோ என்று படிப்படியாகப் போகலாம். வாத்தியார் பெண்ணுக்குச் சமையலில் நாட்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

எந்தக் கல்லூரியானாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமானால் ‘கிரிகோஸ்’ என்ற அரசுப் பதிவேட்டில் அதன் பெயரும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஒரு எண்ணும் இருக்க வேண்டுமாம். நம் ஊரில் புல எண் இல்லாமல் பத்திரம் பதிய முடியுமா? அதே கதைதான். மாடியில் நான்கு அறையும் வாசலில் பெரிய பலகையும் வைத்துக்கொண்டு, கட்டணம் பாதி, வருகைப் பதிவு பார்க்க மாட்டோம் என்று கூப்பிடுகிறவர்களிடம் முதலில் அந்த எண்ணைக் கேட்க வேண்டும். கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

இனி எழுதுவதைச் சற்று நிதானமாகப் படி. அந்த நாட்டில் படிப்புகளை எல்லாம் 10 படிகளாக அடுக்கியிருக்கிறார்கள். நீ சேர்ந்திருக்கும் முதுகலை ஒன்பதாம் படி, சமையற்கலைச் சான்றிதழ் மூன்றாம், நான்காம் படிகள், டிப்ளமோ ஐந்து. மாணவர் விசாவில் 8202 என்ற எண்ணில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தப் படியைக் காட்டி விசா வாங்கினாயோ அதே படியிலோ அதற்கு மேலோதான் பதிவு இருக்க வேண்டும் என்பது அது. முனைவர் படிப்பிலிருந்து முதுகலைக்கு இறங்குகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் இறங்க நினைத்தால், முதலில் புதிய படிப்புக்குப் புதிய மாணவர் விசா கேட்டு வாங்க வேண்டும், பிறகுதான் மாற வேண்டும். முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடித்துவிட்டால் பழைய இடத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. அது உண்மைதான், ஆனால் கல்லூரி மாறுவது வேறு, படி இறங்குவது வேறு. ‘ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி எங்கும் போகலாம்’ என்று அறையில் உடன் இருக்கும் பையன்கள் யாராவது சொன்னால் அது பாதி உண்மை, பாதி உண்மையால்தான் என்னிடம் வருகிற வழக்குகளில் முக்கால்வாசி வருகின்றன. ஒரு பிள்ளை பாதியில் நின்றுவிட்டால் பல்கலைக்கழகம் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், விசா ரத்தாகக்கூடும். உன் சித்தப்பா பம்பாயில் செய்தது போல, யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ முதல் வாரம் மாசன் லேக்ஸ் ஏரிக்கரையில் நின்று அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டு, என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். பத்திரம் எழுத வருகிறவர்கள் யார் என்று கேட்பார்கள், நான் சொல்வேன். முதல் பருவத்து மதிப்பெண்ணை நான் கேட்காமலே நீ அனுப்பினாய். இரண்டாம் பருவத்தைப் பற்றி மூன்று முறை கேட்டுவிட்டேன்; நீலக் கோடு இரண்டு விழுகிறது, ஒரு கட்டைவிரல் வருகிறது, அவ்வளவுதான். வங்கி மேலாளர் அடுத்த தவணைக்கு மதிப்பெண் பட்டியலும் கட்டணக் கடிதமும் கேட்கிறார். வீட்டுப் பத்திரம் அவர் அலமாரியில் இருப்பதால் அவர் கேட்கத்தான் செய்வார். வந்துவிடும் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது வருமா, வராதா?

நீ வேலைக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பருவம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை சட்டமே இடம் கொடுக்கிறது, விடுமுறையில் அந்த வரம்பும் இல்லை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 95 சென்ட் என்று இந்த ஜூலையில் உயர்த்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கையில் ரொக்கமாகத் தருகிறவனிடம் நிற்காதே. மணிக்கணக்கையும் சம்பளத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டே நீ வெங்காயம் நறுக்கினாய். அம்மாவுக்கு உன் முகத்தைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தியின் முனை பலகையைவிட்டு எழாமல், பார்வையை எங்கள்மேல் வைத்தபடியே நீ நறுக்க, வெங்காயம் எல்லாம் ஒரே அளவில் விழுந்தது. பாத்திரம் கழுவப் போகிறவன் கை அப்படி ஓடாது. அது யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த கை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு நீளத் தீக்காயமும் தெரிந்தது. அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் முகவர் பேச்சாகிவிடும்.

பிளஸ் டூ முடித்த மாதம் நீ கேட்டரிங் கல்லூரி விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தாய். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், அதில் மேலத்தெரு மனைக்கான கிரயப் பத்திரத்தின் வரைவை எழுதினேன். மறுநாள் நீ அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்ததை நான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதைவிடப் பெரியது விசா விண்ணப்பம். உண்மையான மாணவர்தானா என்று சோதிக்க அதில் கேள்விகள் கேட்டிருந்தார்கள்: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம், இதனால் உனக்கு என்ன பயன் என்று. ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்கு மிகாமல் நீயே பதில் எழுத வேண்டும். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், முகவர் அலுவலகப் பெண் ஆங்கிலமாக்கினாள், நீ ‘சரிப்பா’ என்று சொல்லி ஏற்றினாய். ‘படித்துத் திரும்பி, எங்கள் வட்டாரத்தின் பழைய நில ஆவணங்களைக் கணினியில் பாதுகாக்கும் தொழிலைத் தொடங்குவேன்’ என்று அதில் இருந்ததே, அது யாருடைய ஆசை? 31 ஆண்டுகளாக மற்றவர்களுக்காக ‘நான்’ என்று எழுதிப் பிழைக்கிறவன் நான். ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனதுடன்’ என்று ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதியிருக்கிறேன்; எழுதுமுன் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

ஆகவே இனி கணக்கைப் பார்ப்போம். முதுகலையை முடித்தால், இந்தியாவோடு அவர்கள் செய்த வர்த்தக உடன்பாட்டின்படி 3 ஆண்டு வரை அங்கே தங்கி வேலை பார்க்கலாம். குடியேற்றக் கணக்கில் அடிலெய்டு பிராந்திய நகரம் என்பதால், அங்கேயே இருந்தால் மேலும் ஓராண்டு கேட்கலாம். தொழிற்படிப்புக்குப் பின் கிடைப்பது 18 மாதம் வரைதான், அதுவும் படித்தது அவர்களின் பட்டியலில் உள்ள தொழிலோடு பொருந்த வேண்டும். முதுகலையை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவனும் உண்டு, இப்போதே போகிறவனும் உண்டு. எது என்பதை நான் எழுதப் போவதில்லை. இப்போதே என்றால், வழி டேஃப் போன்ற இடத்தின் வழியாகவும் புதிய விசாவின் வழியாகவும் இருக்கட்டும். நீ போனபோது 1,600 டாலராக இருந்த விசாக் கட்டணம் இந்த ஜூலை முதல் 2,000 ஆகிவிட்டது. அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன், அம்மாவின் நகையைத் தொட மாட்டேன். கேள்விகளுக்குப் பதிலை இந்த முறை நீ எழுது. பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் முன்கூட்டிப் பெயரை எடுத்துவிடாதே. அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் ஆலோசகரிடம் போய், முகவரிடம் அல்ல, எல்லாவற்றையும் சொல்லிக் கேள். கேட்டதை எழுத்தில் வாங்கு.

ஒருவேளை ஏற்கெனவே பெயரை எடுத்திருந்தால், அதையும் அந்த ஆலோசகரிடம் நாளைக்கே சொல். என்னிடம் பிறகு சொல்லலாம்.

வாத்தியாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியப்படுத்து. போன ஞாயிறோடு உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்களாம், இப்போது நமக்குள் ஐந்து மணி நேர இடைவெளி. செவ்வாய்க்கிழமை காலை 6 மணி பஸ்ஸில் அம்மா வைத்தீஸ்வரன்கோயில் போகிறாள், திரும்ப 9 ஆகும். அங்கே 11 முதல் 2 வரை. அந்த நேரத்தில் உனக்கு வகுப்பு இருந்தால் வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா