மழைக்கு முன்: பட்டறை, கடை வைத்திருப்போர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடிக்க வேண்டியவை.

உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான அரசுப் பதிவு) இல்லாதவர்கள் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது வேறு தளம். வெள்ளத்துக்குப் பிறகு கடன் சலுகை என்று போனால் முதலில் கேட்பது இதைத்தான்.

கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து ஓர் இடத்தில் 5 கோடிக்குள் இருந்தால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியைக் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் கொண்டுவந்தது. வெள்ளம், புயல் இரண்டும் அடக்கம். பிரீமியத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதுவதுதான் நம்மவர்கள் செய்யும் தப்பு. 20 லட்சம் சரக்கை 10 லட்சம் என்று எழுதினால், 4 லட்சம் நஷ்டத்துக்குக் கணக்கு 2 லட்சம்தான். 15 சதவீதம் வரை குறைந்தால் பரவாயில்லை, வெட்ட மாட்டார்கள். கடனுக்காக வங்கி போட்ட பாலிசியில் சரக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் வடிந்ததும் மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டாம், வைண்டிங் புகைந்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெக்கரில் (மின்கசிவுத் தடையை அளக்கும் மீட்டர்) 1 மெகாஓமாவது காட்டிய பிறகே லைன் கொடுங்கள். நஷ்டத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த சரக்கைக் கொட்டாதீர்கள். போட்டோவில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியட்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077.