நான்கு ககரம் வந்திருக்கிறது, அதனால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, செய்யுளின் ஓசை நயம் குறித்த கட்டுரையை இருமுறை படித்தேன். எதுகையும் மோனையும் ஏட்டுச்சுவடிக் காலத்தில் பாடலை நெஞ்சில் நிறுத்த உதவின என்றும், அச்சு வந்தபின் அவை பொருளோடு தொடர்பில்லாத மேற்பூச்சாகவே எஞ்சியுள்ளன என்றும் கட்டுரையாளர் முடிக்கிறார். முதற்பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியைத்தான் ஏற்க இயலவில்லை. ஏன் என்பதைச் சில பாடல்களை முன்வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

'அணி' என்ற சொல்லே நம்மை ஓரளவு திசைதிருப்பியிருக்கிறது எனத் தோன்றுகிறது. அணி என்றால் நகை. நகை என்றால் வேண்டும்போது கழற்றி வைத்துவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் தொல்காப்பியத்தின் செய்யுளியல், மோனை, எதுகை, முரண், இயைபு ஆகியவற்றை உள்ளடக்கிய தொடையையும், வல்லெழுத்து மெல்லெழுத்து முதலியவற்றின் மிகுதியால் அமையும் வண்ணத்தையும் செய்யுளின் 34 உறுப்புகளுக்குள் வைத்தே எண்ணுகிறது. அடியும் சீரும் எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவுக்கு இவையும் இன்றியமையாதன என்பதே அந்த வைப்புமுறையிலிருந்து நான் கொள்ளும் கருத்து.

இதில் நானும் குற்றமற்றவன் அல்லன். தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலம் முழுவதும் 'பின்வரும் பாடலில் எதுகை, மோனையைச் சுட்டுக' என்று வினாத்தாளில் கேட்டு, 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்ற அடியில் நான்கு ககரங்களுக்கும் அடிக்கோடிட்டவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டு வந்தவன் நான். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "நான்கு 'க' வந்திருக்கிறது ஐயா, அதனால் என்ன?" என்று கேட்டாள். "அதற்கு முற்றுமோனை என்று பெயர்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவள் கேட்டது அதன் பெயரை அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இன்று கேட்டால் வேறு விடை சொல்வேன். முதலடியின் நான்கு சீர்களும் ககரத்தில் தொடங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. கற்றல் மேன்மேலும் அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த ஓட்டத்தில் அடுத்த அடிக்கு வந்தால் முதற்சொல் 'நிற்க' என்று இருக்கிறது. மோனை அங்கே அறுந்துவிட, படிப்பவர் வாயும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஆனாலும் 'கற்க', 'நிற்க' என்ற இரண்டும் எதுகையால் பிணைந்திருப்பதால், கல்வியும் அதன்படி நிற்றலும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகக் காதில் விழுகின்றன. 'குறையில்லாமல் படித்து அதன்படி நடந்துகொள்ள வேண்டும்' என்று உரைநடையில் எழுதிப் பாருங்கள். செய்தி குறைவின்றி வந்துவிடும்; அந்த நிறுத்தம் வராது.

குறுந்தொகையின் 40ஆம் பாடலில் ஓசை இன்னும் நுட்பமான வேலையைச் செய்கிறது. 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் அப்பாடலில், என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவினர் என்று தலைவன் கேட்கிறான். உறவேதும் இல்லை என்பதே கேள்விகளின் பொருள். ஆனால் யாய், ஞாய் என்ற இரு சொற்களும் முதலெழுத்து ஒன்றில் மட்டும் வேறுபட்டு உடன்பிறந்தவைபோல் ஒலிக்கின்றன. எந்தையும் நுந்தையும் அப்படியே. சொல் இல்லையென்று கூறும் உறவை ஓசை உண்டென்று கூறுகிறது. மூன்றாவது இணையான 'யானும் நீயும்' என்பதில்தான் 'உம்' தவிர ஒட்டும் ஒலி ஏதும் இல்லை. ஒலியால் ஒட்டாத அந்த இருவரைத்தான் செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமை ஒன்றாக்குகிறது. செம்புலப் பெயனீரார் என்று அந்த உவமையையே புலவருக்குப் பெயராக வைத்தவர்கள் இதைக் கேட்கத் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கட்டுரையாளர் தம் கருத்துக்குச் சான்றாகக் காட்டிய கம்பரின் சூர்ப்பணகைப் பாடலே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. உருமாறி இராமன் முன் வருகிறாள் அரக்கி.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிகர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

'வெறும் சந்த இன்பம்' என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிட்டார். சற்று நிதானமாகக் கேட்டால், பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய, கஞ்சம் என்று முதல் இரண்டடிகளும் மென்மையையும் செம்மையையும் குறிக்கும் சொற்களால் 'ஞ்ச' என்னும் ஒலியைக் காதுக்குப் பழக்குகின்றன. மயிலென, அன்னமென, வஞ்சிக்கொடியென என்று மூன்று உவமைகள் ஒரே 'என' ஒலியில் முடிகின்றன. மூன்றுக்கும் தலையசைத்துவிட்ட காது, நான்காவதாக வரும் 'நஞ்சமென' என்பதற்கும் அதே வேகத்தில் தலையசைத்துவிடுகிறது. நஞ்சு உள்ளே போனபிறகுதான் மனம் திடுக்கிடுகிறது. வஞ்சிக்கும் வஞ்சத்துக்கும் இடையே முதல் மூன்று எழுத்துகளில் இகரம் அகரமாவது ஒன்றே வேறுபாடு. அழகிக்கும் அரக்கிக்கும் இடையே அன்று இருந்த தூரமும் அவ்வளவுதான். அவள் போட்ட வேடம் எப்படிப்பட்டது என்று விளக்குவதோடு கம்பர் நின்றுவிடவில்லை. அந்த வேடத்தைப் பாட்டின் ஓசைக்கே போட்டு நம் முன் நடக்கவிட்டிருக்கிறார். எதுகையை நீக்கிவிட்டு இந்தப் பொருளை வேறு எந்த வழியில் சொல்வது?

அணிகளின் பெயரை மட்டும் சொல்வதில் உள்ள போதாமைக்கு வேறோர் எடுத்துக்காட்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் 'வாரல்' (வராதே) என்பனபோல் கை காட்டுகின்றன. கம்பராமாயணத்தில் மிதிலையின் கொடிகள் இராமனை 'ஒல்லை வா' (விரைந்து வா) என்று அழைக்கின்றன. இரண்டுக்கும் விடைத்தாளில் எழுத வேண்டியது 'தற்குறிப்பேற்ற அணி' (இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது) என்ற ஒரே பெயர். காற்றில் அசையும் துணி இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் கொலைக்களத்துக்குப் போகிறவர்களைத் தடுக்க முடியாத கை அது. நமக்குத் தெரிந்தது நடந்துவருபவர்களுக்குத் தெரியவில்லை என்ற பதைப்பு அதில் இருக்கிறது. மற்றோரிடத்தில் அது மணவீட்டு வாசலில் நின்று வரவேற்கும் கை. பெயரோடு நின்றுவிட்டால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் விடுபட்டுப் போகிறது.

ஓசைக்குப் பொருள் இல்லை என்று எண்ணுவது ஒருவகை ஆபத்தும் கூட. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியில் அடிக்கும் படிக்கும் உள்ள எதுகையே வாதமாகிவிடுகிறது. ஒலி பொருந்துவதால் கருத்தும் பொருந்துவதாக மனம் ஏமாறுகிறது. மேடையில் மோனையை அடுக்கிக் கைத்தட்டல் பெறுபவர்களின் பேச்சை மறுநாள் எழுத்தில் படித்தால், நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'நின்று பயனின்மை' என்பது நினைவுக்கு வரும். ஆக, கட்டுரையாளரின் சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சலிப்பைக் கம்பர் மீது காட்டியதுதான் பொருத்தமாக இல்லை.

இறுதியாகத் தங்கள் அச்சுப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கண்ட பாடல் அக்கட்டுரையில் அடி பிரிக்கப்படாமல், உரைநடைபோல் ஒரே பத்தியாக ஓடியது. சொற்களும் 'நஞ்சம் என வஞ்ச மகள்' என்று தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன. பொருள் விளங்கச் சந்தி பிரிப்பது தேவைதான். ஆனால் அப்படிப் பிரித்த வடிவத்தில் சீர்கள் சிதைந்து, எந்த ஓசையைப் பற்றி அங்கே பேசப்படுகிறதோ அதுவே காணாமற்போய்விடுகிறது. சீர் பிரித்த வடிவத்தை நான்கு அடிகளாக மேலேயும், சொல் பிரித்த வடிவத்தைச் சிறிய எழுத்தில் கீழேயும் வெளியிட்டால் நான்கு வரிகள்தான் கூடுதலாகப் பிடிக்கும். வரும் இதழிலேயே இப்பாடலை அவ்வாறு ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்