தேய்ந்த நாணயங்களுக்குத் தவறான கிரேடு: பணத்தைத் திரும்பக் கோரும் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: கிரேடு குறிப்பிட்டு விற்கப்பட்ட நான்கு நாணயங்களின் தரக்குறிப்பு தவறாக இருப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் விற்பனைப் பட்டியலில் இருந்த கிரேடை, அதாவது நாணயத்தின் நிலையைச் சொல்லும் தரஎண்ணை, நம்பி நான்கு பழைய அமெரிக்க நாணயங்களை வாங்கினேன். மூன்றுக்குக் கிரேடு கூட்டிப் போட்டிருக்கிறீர்கள், ஒன்றுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். படங்களோடு முறையிட்டதற்கு, "கிரேடு என்பது பார்ப்பவரின் அபிப்பிராயம், ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே திரும்பப் பெற இயலாது" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

புழக்கத்துக்கே போகாத நாணயம் 64-ஆ 65-ஆ என்ற கேள்விக்கு வேண்டுமானால் அந்தப் பதில் பொருந்தும். பளபளப்பு, கீறல், மொத்தத் தோற்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் எண் அது. கைதேர்ந்தவர்களே ஓர் எண் முன்னே பின்னே சொல்வார்கள். நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் ஷெல்டன் அளவுகோலின் அடிப்படிகளில் கதையே வேறு. பிஓ-1 (புவர்), எஃப்ஆர்-2 (ஃபேர்), ஏஜி-3 (அபவுட் குட்), ஜி-4, ஜி-6 (குட்), விஜி-8 (வெரி குட்) என்ற படிகளில் பார்க்க வேண்டியவை சில இடங்கள்தான். ஆண்டைப் படிக்க முடிகிறதா? விளிம்பு சுற்றிலும் நிற்கிறதா, இல்லை தேய்ந்து எழுத்துகளின் தலைக்குள் இறங்கிவிட்டதா? குறிப்பிட்ட சொல்லில் எத்தனை எழுத்து மிஞ்சியிருக்கிறது? இதையெல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம், அபிப்பிராயத்துக்கு இங்கே அதிகம் இடமில்லை.

விஜி-8 என்று நீங்கள் விற்ற பார்பர் கால் டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892 முதல் 1916 வரை வந்த இந்த வகையில், முன்பக்க உருவத்தின் தலைப்பட்டையில் ‘லிபர்ட்டி’ என்ற சொல் ஏழு ஆங்கில எழுத்துகளில் இருக்கும். ஏழும் மங்கலாகவேனும் தெரிந்தால் விஜி-க்கு மேலான எஃப்-12 (ஃபைன்). விஜி-8 சொல்ல மூன்று எழுத்தாவது வேண்டும். இரண்டு அரை எழுத்துகளைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடுவதும் உண்டு. எனக்கு வந்த நாணயத்தில் ‘எல்’ முழுதாக இருக்கிறது, ‘ஐ’ பாதி இருக்கிறது. மீதி ஐந்தும் இருந்த இடம் வழவழவென்று கிடக்கிறது. ஆக மொத்தம் ஒன்றரை எழுத்து. உங்கள் விவரக்குறிப்பில் ‘பி’யும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் இருப்பது ஒரு கீறல். எழுத்தென்றால் பட்டைக்குள்ளேயே நிற்கும். இந்தக் கோடு பட்டையின் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடுகிறது. இருபது மடங்கு லென்ஸில் பார்த்தால் தேய்ந்த நாணயத்தில் ஒவ்வொரு கீறலும் எழுத்தின் கால் மாதிரிதான் தெரியும். ஐந்து அல்லது ஏழு மடங்கு லென்ஸ் போதும். மேலிருந்து பரவும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, நாணயத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். மிஞ்சிய எழுத்து எந்தக் கோணத்திலாவது தன் வடிவத்தைக் காட்டிவிடும். இல்லாத எழுத்து எவ்வளவு சுற்றினாலும் வராது. இந்த நாணயத்தில் விளிம்பு இருபக்கமும் முழுதாக நிற்பதால் தாராளமாக ஜி-6 கொடுக்கலாம். விஜி கொடுக்க வழியே இல்லை.

அடுத்தது, ஜி-4 என்று விற்ற பார்பர் அரை டாலர். முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் திருப்பினால் ‘ஸ்டேட்ஸ்’ என்ற சொல்லுக்கு மேலே விளிம்பே இல்லை; எழுத்துகளின் மேல்நுனியும் விளிம்போடு கரைந்து போயிருக்கிறது. அது ஏஜி-3. பார்பர் கால், அரை டாலர்களில் பின்பக்க விளிம்பு முன்பக்கத்துக்கு முன்பே தேய்ந்துவிடும் என்பது இந்த வகையைக் கையாளும் எவருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் நேர்மையான விற்பனையாளர்கள் ‘ஜி-4/ஏஜி-3’ என்று இருபக்கத்துக்கும் தனித்தனியாக எழுதுகிறார்கள். நீங்கள் முன்பக்கத்தைப் பெரிய படமாகவும் பின்பக்கத்தைச் சிறு படமாகவும் போட்டு, ஒரே கிரேடை எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவது நாணயம்தான் இந்தப் புகாரில் மிகவும் கடுமையானது. ‘ஜி-4, ஆண்டு தெளிவு’ என்று விற்ற, பின்பக்கத்தில் காட்டெருமை உள்ள பஃபலோ நிக்கல் அது. 1913 முதல் 1938 வரை வந்த இந்த ஐந்து சென்ட் நாணயத்தில் ஆண்டு, முன்பக்க உருவத்தின் தோள்பட்டை மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. புழக்கத்தில் முதலில் தேய்வது அந்த இடம்தான். பின்பக்கத்தில் ‘ஃபைவ் சென்ட்ஸ்’ சீக்கிரம் தேயும் என்று கண்டு 1913-லேயே அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். ஸ்டாண்டிங் லிபர்ட்டி என்ற வேறொரு வகைக் கால் டாலரிலும் ஆண்டு இப்படியே தேய்ந்து மறைந்ததால் 1925-ல் அதையும் உள்ளே இறக்கினார்கள். நிக்கலின் ஆண்டுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. ஆகவே ஆண்டு அழிந்த பஃபலோ நிக்கல்கள் ஏராளம். அந்த இடத்தில் ஃபெர்ரிக் குளோரைடு என்ற அமிலக் கரைசலைச் சொட்டு விட்டு ஆண்டை வரவழைக்கும் பழக்கமும் ஏராளம். அச்சில் அடிபட்டபோது எண் இருந்த இடத்து உலோகமும் சுற்றியுள்ள உலோகமும் ஒரே மாதிரி இறுகுவதில்லை. அமிலம் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் அரிக்க, எண்ணின் நிழல் மேலே தெரியும்.

நீங்கள் அனுப்பிய நாணயத்தில் நடந்திருப்பது இதுதான். தோளில் சொட்டு பரவிய வட்டத்தின் ஓரம் அப்படியே தெரிகிறது. வட்டத்துக்குள் மேற்பரப்பு சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருக்கிறது. வெளியே புழக்கத்தில் தேய்ந்த வழவழப்பான சாம்பல் நிறம். எண்களில் மேடு என்பதே இல்லை, விளக்கின் கோணத்தை மாற்றினால் நிறவேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது. இயற்கையாகத் தேய்ந்த ஆண்டில் எண்ணின் தலை மழுங்கியிருந்தாலும், மிஞ்சிய பகுதியின் தோலும் சுற்றுப்புறத்தின் தோலும் ஒன்றாகவே இருக்கும். அமிலம் பட்ட நாணயத்துக்கு எண் கிரேடு கிடையாது. சேதமடைந்தது என்றே எழுத வேண்டும். மிகத் தேய்ந்த நாணயங்களையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் பிஓ-1-க்குக்கூட ஆண்டு இயற்கையாகப் படிக்க முடிய வேண்டும். அரித்த உலோகம் திரும்பி வரப்போவதில்லை, ஆகவே இதைச் சரிசெய்யவும் முடியாது.

நான்காவது, டென்வர் நாணயச் சாலையில் அடித்த 1926 பஃபலோ நிக்கல். இதற்கு நீங்கள் ஜி-4 போட்டிருக்கிறீர்கள், என் கணக்கில் விஜி-8 தகும். இந்த ஆண்டின் டென்வர் நாணயங்கள் அச்சிலேயே மெலிவாக விழுந்தவை என்பது பிரசித்தம். பின்பக்கக் காட்டெருமையின் கொம்பு தெரியவில்லை என்ற ஒன்றை வைத்துக் கிரேடைக் குறைத்துவிட்டீர்கள். தேய்மானத்தில் கொம்பு போயிருந்தால் முன்பக்கத்தில் ‘லிபர்ட்டி’யும் விளிம்பை ஒட்டிக் கரைந்திருக்கும். இதில் எழுத்துகளுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி தெளிவாக இருக்கிறது. இந்த நாணயத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கூட்டிப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் காரணம் ஒன்றுதான்: பார்க்க வேண்டிய இடங்களைப் பார்க்காமல் மேலோட்டமாக எண் போடுகிறீர்கள். அதைக் காட்டத்தான் இதையும் எழுதினேன்.

அரை டாலரை மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஏற்கெனவே பச்சைப் பிசுக்கு படிந்திருந்தது. தயவுசெய்து இருப்பில் உள்ள மற்ற நாணயங்களையும் அந்த உறைகளிலிருந்து வெளியே எடுங்கள். பிசுக்கைச் சுத்தமான அசிட்டோனில் கழுவலாம், ஆனால் அது உலோகத்தை அரித்த பிறகு கழுவிப் பயனில்லை.

1949-ல் வில்லியம் ஷெல்டன் இந்த அளவுகோலை வகுத்ததே ‘லார்ஜ் சென்ட்’ எனப்படும் பழைய அமெரிக்கப் பெரிய சென்ட் நாணயங்களுக்கு விலை கட்டத்தான். 70 என்றால் 1-ஐப் போல எழுபது மடங்கு விலை என்பது அவருடைய கணக்கு. இன்று அந்த விகிதம் செல்லாவிட்டாலும் எண்ணைப் பார்த்துத்தான் விலை போடுகிறோம். ஆகவே கிரேடு தவறு என்றால் நான் கொடுத்த விலையும் தவறு.

அமிலம் பட்ட பஃபலோ நிக்கலுக்கு முழுப் பணத்தையும் அஞ்சல் செலவையும் திருப்பித் தர வேண்டும். கால் டாலரையும் அரை டாலரையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தாருங்கள். அல்லது உங்கள் பட்டியலிலேயே ஜி-6, ஏஜி-3 நாணயங்களுக்கு என்ன விலையோ அதைக் கழித்து மீதியைத் தாருங்கள், இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். இருபக்கப் படங்களையும் ஒரே அளவில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். அமிலத்தில் ஆண்டு மீட்ட நாணயங்களுக்குக் கிரேடு எழுதாமல், ‘அமிலத்தில் மீட்ட ஆண்டு’ என்றே எழுதி விற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. என் கணக்கை மறுப்பதானால், கால் டாலரில் எந்த மூன்று எழுத்துகள் தெரிகின்றன என்பதைப் படத்தில் குறித்து அனுப்புங்கள்.

நாணயங்களைச் சுத்தம் செய்யவில்லை. அரை டாலரை மட்டும் பிவிசி இல்லாத உறைக்கு மாற்றியிருக்கிறேன்; பழைய உறையும் பத்திரமாக இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியைத் தெரிவித்தால் அஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: நான்கு நாணயங்களின் இருபக்கப் படங்கள், நிக்கலின் தோள்பகுதி, கால் டாலரின் தலைப்பட்டை ஆகியவற்றின் நெருக்கப் படங்கள், ரசீது நகல்.