வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே,

வணக்கம். மாவட்டம் பிரிந்த கணக்கில் நம் பக்கம் ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போய், 2021 அக்டோபரில்தான் நடந்தது. 2026 அக்டோபரோடு நீங்கள் பதவியேற்று ஐந்தாண்டு நிறைகிறது. மறுபடி நிற்க நினைப்பவர்கள், போதும் என்று விலக நினைப்பவர்கள், உங்கள் இடத்துக்கு வர ஆசைப்படுகிறவர்கள் என எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். குடியாத்தம் பக்கத்து வாக்காளன் நான். எந்தக் கட்சிக்காகவும் எழுதவில்லை.

கமிஷன், கான்ட்ராக்ட் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கவலை அதற்கு முன்னால் நடக்கும் ஒன்றைப் பற்றியது. ஊர்ப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடாத தலைவரையும் பதவி மாற்றிவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்று கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஊராட்சி, பெயர் வேண்டாம். தலைவர் நல்ல மனுஷர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரியிலும் போன் எடுப்பார். அந்த ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் விடும் ஆபரேட்டர், காலையில் முதலில் தலைவர் வீட்டுத் தெருவுக்குத்தான் வால்வைத் திறப்பார். அங்கே தொட்டிகள் நிரம்பிய பிறகு மற்ற தெருக்கள். கடைசியில் காலனி. அங்கே வந்து சேரும்போது குழாயில் நூல் மாதிரி ஒழுகும். சித்திரை மாதத்தில் அதுவும் நின்றுவிடும். குடங்கள் வரிசையில் இருக்கும், பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பவும் முடியாமல், வேலைக்குப் போகவும் முடியாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

இப்படித் திறக்கச் சொல்லித் தலைவர் உத்தரவு போடவே இல்லை. ஆபரேட்டர் தானாகச் செய்தார். தலைவர் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். காலனிக்காரர்கள் வந்து முறையிட்டபோது தலைவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்க தெருவுல நல்லாத்தானே வருது? யாரோ வேணும்னே கிளப்பிவிடறாங்க." அவர் பொய் சொல்லவில்லை. அவர் குழாயில் தண்ணீர் நின்றதே இல்லை. அதனால் உண்மையான குறை அவர் காதில் எதிர்க்கட்சிக்காரன் வேலையாக விழுந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். பதவிக்கு வந்தவர் கேட்காமலே உலகம் அவருக்குத் தோதாக வளைந்துகொடுக்கிறது. மருத்துவமனை வரிசையில் யாரோ முன்னால் விடுகிறார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்துவைக்கிறார்கள். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசியவன் "தலைவரே" என்று எழுந்து நிற்கிறான். அப்புறம் முக்கியமாக, "இது தப்புப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் எதைப் பார்த்து இருப்பார்? தன் தப்பு தன் கண்ணுக்குப் படுவதற்கான வழியே அடைபட்டுவிட்டதே.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆடம் கலின்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. சிலரிடம், பிறர்மேல் தங்களுக்கு அதிகாரம் இருந்த ஒரு சம்பவத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். வேறு சிலரிடம், தங்கள்மேல் பிறருக்கு அதிகாரம் இருந்த சம்பவத்தை. பிறகு எல்லாரையும் தங்கள் நெற்றியில் ஆங்கில எழுத்து 'ஈ'யை எழுதச் சொன்னார்கள். எதிரே இருப்பவர் வாசிக்கும்படியும் எழுதலாம், எழுதுகிறவர் தன் பக்கமிருந்து பார்க்கிற மாதிரியும் எழுதலாம். அதிகாரத்தை நினைத்துக்கொண்டவர்கள்தான் தங்கள் பார்வையிலேயே, எதிராளிக்கு இடம் வலம் மாறித் தெரிகிற மாதிரி, அதிகமாக எழுதினார்கள். கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்ததற்கே இப்படி. ஐந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவர் மனசு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனால் எல்லாரும் இதில் விழுந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு நம் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 1954-ல் முதல்வர் பொறுப்பேற்றபோது காமராஜர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில். அதற்கும் முன்னால், 1940-41-ல் அவர் வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் பதவியை ராஜினாமா செய்தார். முழுசாகச் செய்ய முடியாத பொறுப்பை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் நியாயம். 1963 அக்டோபரில் முதல்வர் பதவியையும் கட்சிப் பணிக்காக விட்டு இறங்கினார். எளிமைக்காக அவரைப் புகழாத மேடை இல்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, எழுந்து போக அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலி இல்லாவிட்டாலும் தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நாம் எல்லாரும் காமராஜர் ஆக முடியாது, சரி. அதனால்தான் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள், உங்களை யாரும் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத "தப்புப்பா" அங்கேதான் கிடைக்கும். அதையும் எப்படி நடத்துகிறோம்? 500-க்கு மேல் 3000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும். வர மாட்டார்கள். வந்து பேசி என்ன ஆச்சு என்று அவர்களுக்குத் தெரியும். உடனே தீர்மானப் புத்தகம் ஏரிக்கரைக்குப் புறப்படும். நூறு நாள் வேலை நடந்த இடத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். மண்வெட்டியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்ன தீர்மானம் என்று கேட்காமலே ஒரு அம்மா கையெழுத்துப் போட்டார். "தலைவர் அனுப்பினார்" என்றால் போதும். கேட்டால் நாளைக்கு வேலையில் பெயர் இருக்குமோ என்ற பயம். அந்தக் கையெழுத்தில், சபை செல்லுபடியாகத் தேவையான தலை எண்ணிக்கை உங்களுக்குக் கிடைத்தது. அந்த அம்மாவின் காலிக்குடம் உங்கள் கண்ணில் படாமல் போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த தலைவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதிகாரம் தலைக்கேறுவது பற்றி உங்களிடம் பேசுவதே சில ஊர்களில் அநியாயம். நாற்காலி உங்கள் பெயரில் இருக்கும், உட்கார்ந்திருப்பவர் கணவராகவோ பழைய தலைவராகவோ இருப்பார். செக் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து, முடிவு வேறு யாருடையதோ. உங்களைப் பணிவாக இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். உங்களைக் குனிய வைத்துவிட்டு அதற்குப் பணிவு என்று பெயர் வைக்கிறவர்களுக்குத்தான் இந்த மடலில் பாதி.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், அலுவலகத்தில் நீங்கள் கைகட்டி நிற்பதையும் பார்த்திருக்கிறேன், ஊருக்குள் வந்ததும் தூய்மைக் காவலரை ஒருமையில் அதட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அவர் உங்கள் அம்மா வயதில் இருப்பார். உங்களால் அவருக்குச் சம்பளம் நிற்கலாம், அவரால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று ஊர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த கிராம சபையில் மேடை போடாதீர்கள், பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசித் தெருக்காரர்கள் முதலில் பேசட்டும். பேசி முடிக்கும்வரை உங்கள் ஆட்கள் குறுக்கே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவுக்கு என்றைக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று சுற்று முறை போட்டு, அதைத் தீர்மானமாக எழுதி, தொட்டிக்குக் கீழே பெயிண்டில் எழுதிவையுங்கள். உங்கள் தெரு கடைசியில் வரும் நாளும் அதில் இருக்கட்டும்.

பதவிக்காலம் முடிந்ததும் பதிவேடுகளையும் சாவிகளையும் அடுத்து வருபவரிடமோ அதிகாரியிடமோ ஒழுங்காகக் கணக்குக் காட்டி ஒப்படையுங்கள். வருபவர் உங்களைத் தோற்கடித்தவராகவே இருந்தாலும், எந்தத் தெருவில் எந்த வால்வு பழுது, யார் வீட்டு மனு நிலுவையில் இருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
குடியாத்தம் பக்கத்து வாக்காளர் ஒருவர்