களைப்பு என்று வருபவர்கள்

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது அறிந்து மெத்தச் சந்தோசம். இங்கே பெரும்போக அறுவடை நடக்கிறது. ஓபிடியில், அதுதான் வெளிநோயாளர் பிரிவில், கூட்டம் கொஞ்சம் குறைவு.

களைப்பு என்று வருபவர்களுக்கு என்ன பரிசோதனை எழுதுகிறாய் என்று கேட்டிருந்தாய். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 42 வயது அம்மா. கணவர் 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். "களைப்பாக் கிடக்கு டொக்டர், ஒரு வேலையும் ஓடுதில்லை" என்றார். கணவரைப் பற்றிக் கேட்டேன், அழுதார். கவலைதான் என்று முடிவுகட்டி, விற்றமின் எழுதி, மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மூன்றாம் தரம் வந்தபோது, அதே ஊர்த் தாதி ஒருவர், "தண்ணிக் குடத்தோட பாதி வழியில இருந்திடுறா" என்றார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் களைக்குது என்றால் மூச்சு வாங்குது என்றும் பொருள் அல்லவா! கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 6.8தான், கடும் இரத்தச்சோகை. மாதவிடாய் ஒரு வருடமாகப் பத்து நாள் வரை போகிறதாம், கர்ப்பப்பையில் கட்டி. நான் அதைக் கேட்கவே இல்லை.

வன்னியில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பிழை சுலபமாக வரும். யுத்தம் எல்லாவற்றுக்கும் விடையாக முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அவருக்குத் துயரமும் இருந்தது, இரத்தமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரு கமக்காரருக்கு இரத்தம், சீனி, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதமாக இரவில் வயலில் யானைக் காவல், மூன்று மணி நேர நித்திரை. தடிமனுக்குப் பகலில் நித்திரை வரவைக்கும் பிரிட்டோன் குளிசை வேறு!

இப்போது பரிசோதனைத் துண்டு எழுத முன்பே கேட்கிறேன்: மூச்சா, நித்திரையா, கைகால் பலமா, மனமா? எடை குறைந்ததா, இரவில் காய்ச்சல், வியர்வை உண்டா? காசநோயை மறக்க முடியாது. என்ன குளிசை குடிக்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடாவிட்டால் நாலு கிழமையில் திரும்ப வரச் சொல்லி, வராவிட்டால் தேடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு இரத்தம் ஏற்றி, கட்டியை எடுத்தார்கள். இரும்புக் குளிசையோடு ஹீமோகுளோபின் இப்போது 11.4. சோற்றோடு தேநீர் குடிக்க வேண்டாம் என்றேன், அதுதான் அவருக்குக் கஷ்டம். மனநலக் கிளினிக்குக்கும் விடாமல் போகிறார்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். கொஞ்சம் வேலை செய்தால் மறுநாள் எழும்பவே முடியாமல் படுத்துவிடுகிறவர்கள் இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள், கொரோனாவுக்குப் பிறகு. அப்படியானவர்களை நீ எப்படிப் பார்க்கிறாய்? விபரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்