பகடையை உருட்டுமுன் திறன்களைப் பங்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தமிழில் பேசவைக்கும் நடவடிக்கைகளைத் தேடும் பெற்றோரும் சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைப் பரிசீலிக்கலாம். 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த மேசை விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லி ஆடுவார்கள். ஆட்டம் முழுவதும் பேச்சுதான். ஆனால் புதியவர்களை வைத்து நடத்தும்போது பாதியிலேயே ஆர்வம் வடிந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் கதையன்று. திறன்களைத் தேர்ந்தெடுத்த விதமும் பகடையை உருட்டச் சொன்ன இடமுமே காரணம்.

விதி எளிது. 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்துக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டினால் வெற்றி. இலக்கு எளிய செயலுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. கூட்டும் எண் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, வலிமை, சுறுசுறுப்பு, அறிவு போன்ற ஆறு இயல்புகள்: மதிப்பு 16 என்றால் +3, 10 என்றால் 0, 8 என்றால் -1. மற்றொன்று, வரலாறு, கூர்நோக்கு போன்று பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்த திறனில் பெற்ற பயிற்சி: பாத்திரம் வளரும் படிகளில் முதல் நான்கு நிலைகளில் +2.

பிள்ளைகள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். பெயர் பிடித்திருக்கிறது என்று அறிவு 8 உள்ள போர்வீரனுக்கு வரலாற்றுத் திறனை எடுப்பார்கள். -1, +2 சேர்ந்து +1தான். இலக்கு 15ஐ எட்ட வாய்ப்பு 35 விழுக்காடு. அறிவு 16 உள்ள மந்திரவாதி, பயிற்சியே இல்லாமல் 45 விழுக்காடு வாய்ப்போடு நிற்பார். தொடக்க நிலைகளில் பயிற்சியைவிட இயல்பின் கைதான் ஓங்கியிருக்கும். ஆகவே முதலில் உயர்ந்த இயல்பைப் பாருங்கள், பிறகு அதோடு பொருந்தும் திறனைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பங்கீடு. மொத்தம் 18 திறன்கள். திருடன், போர்வீரன், குரு, மந்திரவாதி என நால்வர் இருந்தால், பாத்திரத்தின் வகுப்பும் (அதாவது தொழில்) முன்வாழ்க்கைப் பின்னணியும் தரும் திறன்கள் முறையே 6, 4, 4, 4. கூட்டினால் 18. ஆளுக்குச் சிலவாக எல்லாத் திறன்களையும் ஒருமுறை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மிக அதிகமாக உருட்டப்படுவது கூர்நோக்குத் திறன்; அது இருவரிடமாவது இருக்கட்டும். விலங்குகளைக் கையாளுதல், கலை நிகழ்த்துதல் போன்றவை கதையில் இடம்பெறாவிட்டால் காலியாகவே கிடக்கலாம். எவை தேவைப்படும் என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்வது கதை நடத்துபவரின் கடமை. காட்டில் நடக்கும் கதைக்கு நகரத் திறன்களைச் சுமந்து வந்த பிள்ளை, மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனினும் பெரிய கேடு விளைவது பகடையை எப்போது, எத்தனை பேர் உருட்டுவது என்பதில்தான். நால்வரும் காவலரைத் தாண்டி ஒளிந்து போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தனித்தனியே வென்றாக வேண்டும் என்றால், குழுவின் வாய்ப்பு 9 விழுக்காடாகச் சரிகிறது. இது நால்வரும் சம திறமையோடு இருக்கும்போது. ஒருவர் சங்கிலிக் கவசம் அணிந்திருந்தால் இருமுறை உருட்டித் தாழ்ந்த எண்ணை எடுக்க வேண்டும், இன்னும் மோசம். திட்டம் தீட்டிப் பதுங்கிய பிள்ளைகள் மீண்டும் மீண்டும் பிடிபட்டால், அடுத்த முறை திட்டமே போட மாட்டார்கள், வாளை உருவிவிடுவார்கள். இதற்கு இவ்விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு விதிகளிலேயே தீர்வு உண்டு: குழுச் சோதனை. பாதிப் பேர் வென்றால் அனைவரும் வென்றதாகக் கொள்ளலாம். அதே நால்வருக்கு வாய்ப்பு 76 விழுக்காடாகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பழைய கல்வெட்டைப் படிக்க நால்வரும் உருட்ட, ஒருவர் வென்றாலே போதும் என்று விட்டால், தலைக்கு 30 விழுக்காடு வாய்ப்புள்ள பயிற்சியற்றவர்களே 76 விழுக்காடு வென்றுவிடுவார்கள். பிறகு அத்திறனை எடுத்த பிள்ளைக்கு என்ன மதிப்பு? பயிற்சி பெற்றவர் மட்டும் உருட்டட்டும், இன்னொருவர் உதவட்டும். உதவி இருந்தால் இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுக்கலாம்: 55 விழுக்காடு ஏறத்தாழ 80 ஆகும். 2024ல் வந்த புதிய விதிகளில் உதவுபவருக்கும் அத்திறனில் பயிற்சி வேண்டும். எப்படி உதவுகிறார் என்பதை வாயால் சொல்லவும் வையுங்கள், பேச்சுப் பயிற்சி அங்கேதான் இருக்கிறது.

கதை நகரத் தேவையான தடயத்தை ஒரே ஓர் உருட்டலுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். மறைகதவு கிடைக்காவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். கதவைக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் திறக்கிறதா என்பதற்குப் பகடையைப் பயன்படுத்தலாம். திறன் சோதனையில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்று பலர் நம்புவதும் 2014 விதிப்படி தவறு. தாக்குதலுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அடிப்படை விதிகளின் 5.1 பதிப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தை முறைப்படி குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டுக் கொடுக்கலாம். திறன் சோதனை, உதவி, குழுச் சோதனை ஆகியவற்றை மட்டும் இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பாத்திரத் தாளோடு நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் வைக்கத் தமிழ் அமைப்புகள் முன்வர வேண்டும். அடுத்த ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குள் இதைச் செய்து முடிக்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்