மியூரா எஸ்.வி.: நண்பனுக்கு ஒரு மறுமொழி

கிருஷ்ணகிரி

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும் உடன் வைத்திருந்த படங்களும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். பெங்களூரா மாங்காய்க்கு இவ்வாண்டும் கூழ் ஆலைக்காரர் வைத்ததே விலை என்றாகிவிட்டதால், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறான். வேறு செய்தி இல்லாததால் நேரே உன் கேள்விக்கு வருகிறேன்.

இத்தாலியின் பொலோன்யாவில் படிக்கும் உன் மகள், ஃபூனோவில் உள்ள ஃபெருச்சோ லம்போர்கினி அருங்காட்சியகத்துக்குப் போனவள், அப்பாவுக்காக டிராக்டர்களைப் படம் எடுத்ததோடு நில்லாமல் எனக்காக லம்போர்கினியின் பழைய வேகக் காரான மியூராவையும் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறாள். அவளுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நீ எழுதியிருக்கும் வரிதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது. மியூராவின் கடைசி வகையான எஸ்.வி. என்பது, விளக்கைச் சுற்றி இமை முடி போல இருந்த பட்டைகளை நீக்கிவிட்டுப் பின் டயரை அகலமாக்கிய பழைய மியூராதானே, அதற்குப் போய் ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்டிருக்கிறாய். நாற்பது வயதுக்கு மேல் டிராக்டரின் கிரவுன் பினியனைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காதவன் நீ என்பதால் மன்னிக்கிறேன். உன் தொழிலை வைத்தே விடை சொல்கிறேன், ஏனென்றால் விடை எண்ணெயில் இருக்கிறது.

முதலில் அந்த வண்டி பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1965 நவம்பரில் தூரின் கண்காட்சியில் லம்போர்கினி நிறுவனம் உடல் இல்லாத வெறும் சேஸியை மட்டும் கொண்டுபோய் நிறுத்தியது. எடையைக் குறைப்பதற்காக உடம்பெல்லாம் துளையிட்ட இரும்புத் தகட்டுச் சட்டம். அதன் நடுவே, இருக்கைகளுக்குப் பின்னால், குறுக்காகப் படுத்திருக்கும் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். கொள்ளளவு 3929 சி.சி. இதைச் செய்தவர்கள் ஜான்பாவுலோ தல்லாரா, பாவுலோ ஸ்தான்ட்ஸானி, நியூஸிலாந்துக்காரரான பாப் வாலஸ் என்ற மூன்று இளைஞர்கள். நிறுவனமோ 1963-இல் தொடங்கியது. அப்போது அதற்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. உடலைச் செய்யும் பொறுப்பு பெர்தோனே என்ற கார் உடல் நிறுவனத்துக்குப் போய், அங்கே மார்ச்செல்லோ கந்தினி வரைந்த வடிவத்துடன் 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழு வண்டியும் வந்து நின்றது. உயரம் 105 சென்டிமீட்டர்தான். உன் டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மறைந்தே போகும்.

பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினை நீளவாக்கில் வைத்து, அதன் பின்னால் கியர்பாக்ஸையும் வைத்தால் வண்டி மிக நீண்டுவிடும். அதனால் என்ஜினைக் குறுக்கே திருப்பினார்கள். பிரிட்டனில் 1959-இல் வந்த மினி கார், என்ஜினைக் குறுக்காக வைத்துக் கியர்பாக்ஸை அதன் சம்ப்புக்குள்ளேயே, அதாவது அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிக்குள்ளேயே, அடக்கிக் காட்டியிருந்தது. அந்த யோசனை இவர்களை ஈர்த்தது. மியூராவில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியில் போகாமல் பின்புறத்தில் அமர்ந்தது. ஆனால் என்ஜினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸ், கியர்பாக்ஸ், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே அலுமினிய வார்ப்பு. மூன்றுக்கும் ஒரே எண்ணெய்.

இந்த இடத்தில் நீ புருவத்தை உயர்த்துவாய் என்று எனக்குத் தெரியும். உன் டிராக்டரில் கியர்பாக்ஸ், கிரவுன், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் ஓடுகிறது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணெயை என்ஜினுக்குள் விட நீ ஒருநாளும் சம்மதிக்க மாட்டாய். என்ஜின் எண்ணெய் நெருப்புக்குப் பக்கத்தில் வாழ்வது. கரியையும் எரியாத பெட்ரோலையும் சுமந்துகொண்டு, தலைமயிர் அளவு இடைவெளியில் சுழலும் பேரிங்குகளுக்குள் போய்வர வேண்டியது. கியரின் பற்களோ தடித்த எண்ணெயைக் கேட்பவை. பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது படலம் அறுந்துபோகாமல் காப்பதற்காக அதில் கந்தகம் கலந்த சேர்மங்களைச் சேர்ப்பார்கள், அவை என்ஜினுக்கு ஒத்துவராது. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தால் இரண்டுக்குமே அரைகுறையான பாதுகாப்புத்தான் கிடைக்கும்.

ஓசூரில் இருந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அப்படித்தானே ஓடுகின்றன என்று நீ மறுத்துச் சொல்லலாம். உண்மைதான், நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் முழுகிக் கிடக்கின்றன. ஆனால் என் பட்டறைக்கு எண்ணெய் மாற்ற வரும் வண்டிகளின் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பார். காந்தம் வைத்த போல்ட்டாக இருந்தால் அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நெறநெறவென்று இருக்கும். அது கியர் பற்கள் தேய்ந்த இரும்புத்தூள். காந்தம் இல்லாத வண்டியில் அந்தத் தூள் எங்கே போயிருக்கும்? சில குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு அது பெரிய கேடு இல்லை, எண்ணெயை அடிக்கடி மாற்றினால் போதும். 350 குதிரைத்திறனைத் தாங்கும் கியர் பற்கள் உதிர்க்கும் தூள், நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளை நோக்கிப் போகிறது என்று எண்ணிப் பார்.

அது மட்டும் அன்று. உன் டிராக்டரில் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கிச் சும்மா சுற்றும்போது காலால் மிதித்து டிஃபரன்ஷியலைப் பூட்டுவாய் அல்லவா? வேகக் கார்களில் அந்த வேலையைத் தானாகவே ஓரளவு செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்று உண்டு. உராயும் தகடுகளைக் கொண்ட வகைக்கு அதற்கென்றே சேர்மம் கலந்த எண்ணெய் வேண்டும், தகடுகளும் தேய்ந்து துகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுபோய் என்ஜின் எண்ணெயில் யார் முழுக்கி வைப்பார்கள்? ஆகையால் பொதுச் சம்ப் இருக்கும்வரை மியூராவுக்கு அந்த வசதி எட்டாக்கனியாகவே இருந்தது. டிராக்டர் செய்து பெயர் பெற்ற ஃபெருச்சோ லம்போர்கினி இந்த ஏற்பாட்டுக்கு எப்படித்தான் தலையசைத்தார் என்று எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி எஸ்.வி.க்கு வருவோம். முதலில் வந்த பி400 வகையில் 275 வண்டிகள். அடுத்து 1968 நவம்பரில் எஸ் வகை வந்தது. 370 குதிரைத்திறன், மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி, கொஞ்சம் குரோம் பட்டை, அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. அதில் 338 வண்டிகள். 1971 மார்ச்சில் ஜெனீவாவில் எஸ்.வி. வந்தது. 385 குதிரைத்திறன், மொத்தம் 150 வண்டிகள்தான். நீ கண்ட மாற்றங்கள் எல்லாம் உண்மைதான். இமை முடி போயிற்று. பின் சக்கரத்தின் அகலம் 7 அங்குலத்திலிருந்து 9 அங்குலமானது. அதை மூடுவதற்காகப் பின் மட்கார்டு புடைத்துக்கொண்டது. மகளின் மூன்றாவது படத்தில், பின்னாலிருந்து எடுத்ததில், அந்தப் புடைப்பு கதவின் விளிம்பு முடிந்தவுடன் மெல்லத் தொடங்கி டயருக்கு மேலே வந்து முழுமை பெறுவதைப் பார். சுத்தியல் பிடித்தவன் எவனும் அந்த வளைவின் மேல் கையை வைத்துப் பார்க்க ஆசைப்படுவான்.

ஆனால் அந்த அகலம் அழகுக்காக வந்ததன்று. பழைய மியூராவில் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர். எடையோ பின்னால்தான் அதிகம். வேகமாகத் திரும்பும்போது பின்புறம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் இயல்பு அதற்கு இருந்தது. பின் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளையும் எஸ்.வி.யில் மாற்றி அமைத்து அந்தக் குறையைக் குறைத்தார்கள். முன்புறத்துக் குறை மட்டும் தீரவில்லை. பெட்ரோல் டேங்க் முன்னால் இருப்பதால், பெட்ரோல் குறையக் குறைய மூக்கு இலேசாகும். மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்று அந்த மூக்கைத் தூக்கப் பார்க்கும். டேங்க் நிரம்பியிருக்கும்போது ஒரு வண்டி, காலியாகும்போது வேறொரு வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். மேலே அடுக்கிய நான்கு வெபர் கார்புரேட்டர்களும் பந்தயத்துக்கு ஏற்றவை, தெரு நெரிசலுக்கு ஏற்றவை அல்ல. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தபோது பெட்ரோல் வழிந்து தீப்பற்றிய மியூராக்கள் பல உண்டு. தருமபுரி நான்கு ரோட்டில் மாலை ஆறு மணிக்கு அதை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எஸ்.வி.யின் பிற்பகுதியில் வந்த வண்டிகளில்தான் அந்தப் பொதுச் சம்ப் பிரிக்கப்பட்டது. என்ஜினுக்குத் தனி எண்ணெய், கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனி எண்ணெய். அதன் பிறகே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் சில வண்டிகளில் இடம் பெற்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே எஸ்.வி. என்ற பெயர்ப்பலகை இருந்தாலே போதும் என்று எண்ணிவிடாதே, தொடக்கத்து எஸ்.வி.களில் பழைய பொதுச் சம்ப்தான் இருந்தது. 150 வண்டிகளுக்குள்ளும் இப்படி இரண்டு பிரிவு உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவது பிரிவுதான் மியூரா. அதற்கு முன் வந்தவை எல்லாம் அதை நோக்கிப் போன முயற்சிகள் என்று துணிந்து சொல்வேன். இதை ஒப்புக்கொள்ளாமல், முதல் பி400-இன் ஒடுங்கிய உடலே கந்தினி வரைந்த தூய வடிவம் என்று வாதாடுவோர் பலர். அவர்கள் அதை ஓட்ட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இதே எண்ணெய்ச் சிக்கலை வேறொரு வழியில் தீர்த்த வண்டி ஒன்றும் இருந்தது. 1970-இல் பாப் வாலஸ், பன்னாட்டுப் பந்தய விதிகளின் ‘ஜே’ இணைப்பை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வண்டியைத் தன் விருப்பப்படி செய்தார். ஹோட்டா என்று அதற்குப் பெயர் வந்தது. பக்கக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், மேலெழும் விளக்குக்குப் பதில் நிலையான விளக்கு, முன்னால் இருந்த ஒற்றை டேங்குக்குப் பதில் இரு பக்கப் படிகளுக்குள்ளும் சிறிய டேங்குகள். மூக்கு இலேசாகும் குறை அதோடு ஒழிந்தது. என்ஜினுக்கு டிரை சம்ப் வைத்தார். எண்ணெயை அடியில் தேங்க விடாமல் பம்ப்பால் இழுத்துத் தனித் தொட்டியில் சேர்த்துவிட்டால், எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கிப் பேரிங்குகள் காய்ந்துபோகும் அச்சம் இல்லை. எடை ஏறத்தாழ 890 கிலோ. விற்கப்பட்ட பிறகு, 1971 ஏப்ரலில் பிரேஷா நகரின் சுற்றுச்சாலையில் விபத்துக்குள்ளாகி அது எரிந்து போனது. வாலஸின் உழைப்பில் மிஞ்சியது செய்தியும் சில படங்களும் மட்டுமே.

அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட செல்வர்கள் தங்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்டதால் எஸ்.வி.ஜே. என்ற பெயரில் சில வண்டிகள் தொழிற்சாலையிலேயே மாற்றிச் செய்யப்பட்டன. ஈரானின் ஷா வாங்கிய ஒன்றை 1997-இல் ஜெனீவா ஏலத்தில் 4,90,000 டாலருக்கு நடிகர் நிக்கோலஸ் கேஜ் வாங்கினார். அதைப் பற்றி எழுதினால் பக்கம் நிரம்பும், ஆனால் அது பெரும்பாலும் பணத்தின் கதை என்பதால் விட்டுவிடுகிறேன். நீ கவனிக்க வேண்டியது வேறு: மட்கார்டைப் புடைக்க வைப்பதும், இமை முடியைக் கழற்றுவதும் நல்ல தகரவேலைக்காரருக்குக் கைவந்த கலை. அதனால் பழைய எஸ் வண்டிகளை எஸ்.வி. போல மாற்றியோரும் உண்டு. சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் தொழிற்சாலை ஏட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் இன்று யாரும் விலை பேசுவதில்லை. இதற்கென்றே லம்போர்கினி 2015-இல் போலோ ஸ்தோரிக்கோ என்ற பிரிவைத் தொடங்கி, பழைய ஏடுகளைப் பார்த்துச் சான்று கொடுக்கிறது, வண்டிகளைச் சீர்செய்தும் தருகிறது.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. எஸ்.வி. ஜெனீவாவில் அறிமுகமான அதே கண்காட்சியில், அதே நிறுவனம், தன் அடுத்த வேகக் காரான கவுன்டாஷின் முதல் மாதிரியையும் கொண்டுவந்து நிறுத்தியது. கூட்டம் முழுவதும் அந்த மஞ்சள் வண்டியைச் சுற்றியே நின்றது. கவுன்டாஷில் ஸ்தான்ட்ஸானி என்ஜினை மறுபடியும் நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை என்ஜினுக்கு முன்னால், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே தனியாகக் கொண்டுவந்துவிட்டார். மியூராவின் நோயெல்லாம் தெரிந்து மருந்து கண்டுபிடித்த வேளையில், அந்த உடம்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். 1973-இன் தொடக்கத்தோடு மியூரா நின்று போனது.

மகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மறுமுறை போகும்போது பின்மூடி திறந்திருந்தால், கார்புரேட்டர்களை மட்டும் எடுக்காமல், கீழே கியர்பாக்ஸ் வார்ப்பு தெரியும்படி குனிந்து ஒரு படம் எடுக்கச் சொல். சேஸி எண்ணும் பலகையில் எழுதியிருந்தால் அதையும் எடுக்கட்டும். அந்த வண்டி எந்தச் சம்ப்பைச் சேர்ந்தது என்று நாம் இருவரும் உட்கார்ந்து சண்டை போடலாம். அடுத்த வாரம் பாலக்கோட்டுக்கு ஒரு கியர் வெட்டும் வேலையாக வருகிறேன். வழியில் உன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இருப்பேன் என்று தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்